கொலுசு பற்றவைக்கிற வீட்டில் ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன்

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. வீட்டுக்காரர் கம்பி இழுத்துக் கண்ணி வெட்டுவார். நான் கண்ணி கோத்து, பொடி (பற்றவைக்கிற உலோகத் தூள்) வைத்துப் பற்றவைத்து, சலங்கை சேர்ப்பேன். இருபது வருஷமாக இதே வேலை. அதனால் ஒயரையும் போர்டையும் ஈயத்தால் பற்றவைக்கிற இந்த 25 வாட் சால்டரிங் அயர்னைப் பற்றி நான் எழுதுவது மெக்கானிக் எழுதுகிற மாதிரி இருக்காது. பற்றவைப்பு தெரிந்த ஒருத்தி, அதையே வேறு சூட்டில், வேறு உலோகத்தில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாங்கி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது கையில் எடுக்கிறேன்.

வாங்கக் காரணம் தராசு.

எடை போட்டு வாங்கி, எடை போட்டுக் கொடுக்கிற தொழில் எங்களுடையது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுத் தருவார், கொலுசை எடை போட்டு வாங்கிக்கொள்வார். இடையில் சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் எங்கள் கூலியில் கழியும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்க, 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வைத்திருக்கிறோம். போன வருஷம் தை மாதம் அது ஆட ஆரம்பித்தது. ஒரே கொலுசை மூன்று தடவை வைத்தால் மூன்று எடை. 42.16, அப்புறம் 41.87, அப்புறம் 43-க்கு மேல். வீட்டுக்காரரும் நானும் அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன் எத்தனை நாளாக அது தப்பாகக் காட்டியது, எந்தக் கொலுசில் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்க்கவே முடியவில்லை.

ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. எங்களிடம் ஒரு அறுந்த கொலுசு வந்தால், எங்கே அறுந்தது என்று பார்க்காமல் உருக்கிவிடு என்று சொல்வோமா? வீட்டுக்கு வந்து அடியில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினேன்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட ஒரு அலுமினியக் கட்டை. தட்டில் எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பித்தாள் மின்சாரமாக மாற்றிச் சொல்கிறது. அதற்கு லோடு செல் என்று பெயர். அதிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று தலைமுடி மொத்தத்தில் நான்கு ஒயர்கள் போர்டுக்குப் போகின்றன. நாங்கள் கண்ணி பார்க்க வைத்திருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் போர்டில் சேருகிற இடத்தில், ஈயத்தைச் சுற்றி மோதிரம் போல ஒரு கீறல். பல் குத்தும் குச்சியால் பச்சை ஒயரைத் தொட்டால் திரையில் எண் ஓடியது. டிவி மெக்கானிக்குகள் இதை ட்ரை சால்டர் என்பார்கள். எங்கள் தொழிலில் பத்து (பற்று) விட்டுப்போச்சு என்போம். ஆனால் அதைப் பற்றவைக்க எங்கள் தீ உதவாது. வெள்ளி உருகுவது 961 டிகிரியில். எங்கள் பொடி ஓட வேண்டுமானால் கண்ணி சிவக்க வேண்டும். நாங்கள் போடுகிற வெங்காரமே 740 டிகிரிக்கு மேல்தான் உருகும். போர்டில் இருக்கும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியோ 183 டிகிரியிலேயே இளகிவிடும். ஊதுகுழலை அங்கே காட்டினால் போர்டு கரியாகிவிடும்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 150 ரூபாய், டூ பின். இன்னொன்று 340 ரூபாய், த்ரீ பின், 25 வாட், பிட் (சூடாகும் முனை) தனியாகக் கிடைக்கும். "அக்கா, மூணு பின் எடுங்க, எர்த் இருக்குது" என்று சொன்னார். நான் 150 ரூபாயைத்தான் எடுத்தேன். ஒரு வேலைக்காக வாங்குவதற்கு இது போதும் என்று நினைத்துவிட்டேன். அது தப்பு.

நல்லவேளை, தராசில் கை வைப்பதற்கு முன் பழைய ரேடியோ போர்டு ஒன்றில் பழகிப் பார்த்தேன். பிட்டில் ஈயம் ஒட்டவே இல்லை, உருண்டு கீழே விழுந்தது. முனை கறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் கைப்பழக்கப்படி அரத்தை எடுத்து முனையை ராவினேன். பளிச்சென்று செம்பு தெரிந்தது, ஈயமும் ஒட்டியது. ஆனால் மூன்று வாரத்தில் முனையில் பள்ளம் விழுந்துவிட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. பிட்டில் இரண்டு வகை உண்டு. வெறும் செம்பு பிட்டை ராவலாம், தேயத் தேயத் தள்ளி மாட்டலாம். இரும்புப் பூச்சுப் போட்ட பிட்டை ராவவே கூடாது. உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைக்கும் என்பதால்தான் அதற்கு மேல் இரும்புப் பூச்சு. அந்தப் பூச்சை நானே அரத்தால் எடுத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அயர்ன் சூடாக இருக்கும்போது டெஸ்டரை அதன் முனையில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. எர்த் இல்லாததால் கரண்ட் கொஞ்சம் முனைக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஆளுக்குத் தெரியாமல் போகலாம். தராசுக்குள் போர்டில் இருக்கும் ஐசி என்கிற சிப்புக்கு அந்தக் கசிவே போதும், போய்விடும். அன்றைக்கே அதை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பக் கடைக்குப் போய் 340 ரூபாயைக் கொடுத்தேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிட்டும், 60க்கு 40 கலவையில் கொஞ்சம் ஈயக் கம்பியும், ஈயம் ஓடிப் பற்ற உதவுகிற ஃப்ளக்ஸ் ஒரு சின்ன டப்பாவும் சேர்த்து வைத்துக் கொடுத்தார். கம்பியைக் கடையில் லெட் என்று கேட்டால் தருவார்கள்.

இனி இந்த இரண்டாவதைப் பற்றி.

சூடாக நாலு ஐந்து நிமிஷம் ஆகிறது. பிடி லேசானது, விரல்களுக்கு நடுவில் பேனா மாதிரி நிற்கிறது. ஒரு மணி நேரம் பிடித்தாலும் பிடி சுடுவதில்லை. முனையில் டெஸ்டர் வைத்தால் எரிவதில்லை. பிட்டை ஒரு திருகாணி பிடித்துக்கொள்கிறது, ஆறிய பிறகு கழற்றி மாற்றுவது சுலபம். ஒன்றேகால் வருஷத்தில் இரண்டு பிட் மாற்றியிருக்கிறேன். ஹீட்டர் இன்னும் பழையதுதான்.

குறைகளும் உண்டு. ஒயர் விறைப்பு. மேஜையில் அயர்னை வைத்தால் ஒயர் அதைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு தடவை என் முழங்கையில் பட்டுக் கொப்புளம் வந்தது. ஸ்டாண்ட் கூட வராது, தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். தட்டில் சாய்த்து வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வழி இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு ஏற்காட்டில்தான் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

புதிதாக வாங்கியவர்கள் முதல் தடவை சூடேறும்போதே முனையில் ஈயத்தைப் பூசிவிட வேண்டும். வேலை முடித்து அணைக்கும்போதும் ஒரு பூச்சு பூசிவிட்டு அணைக்க வேண்டும். ஈரப் பஞ்சில் ஒரு தேய்ப்பு, உடனே கொஞ்சம் ஈயம், இதுதான் பழக்கம். முனை எப்போதும் வெள்ளியாகப் பளபளக்க வேண்டும். கறுத்த முனை எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்தச் சூடு வேலைக்குப் போய்ச் சேராது.

பலர் அயர்னில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய் ஒயரில் தடவுகிறார்கள். அது பற்றாது, மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கொலுசுப் பட்டறையில் சின்னப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, சூடு எங்கேயோ பொடி அங்கே ஓடும் என்பது. இதிலும் அதேதான். முனையை ஒயரும் போர்டும் சேருகிற இடத்தில் இரண்டு விநாடி வைத்து, எதிர்ப் பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைக் கொடுக்க வேண்டும். இடம் சூடாகியிருந்தால் ஈயம் தானே ஓடிச் சுற்றிக்கொள்ளும். அகல் விளக்கில் திரியின் அடியில் எண்ணெய் ஏறி நிற்குமே, அந்த மாதிரி ஓரம் மெலிந்து பரவி நின்றால் நல்ல பற்று. முத்து மாதிரி உருண்டு நின்றால் திரும்பச் செய்யுங்கள்.

தராசில் பச்சையையும் வெள்ளையையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். மூடிவிட்டுக் கொலுசை வைத்தால் கழித்தல் குறியோடு எடை வருகிறது. நெஞ்சு பதறிவிட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த இரண்டும்தான் எடையைச் சொல்கிற ஒயர்கள், மாறினால் கூட்டல் கழித்தலாகிவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியவில்லை. அதிலிருந்து எதையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒயரை மாற்றி வைத்து, 200 கிராம் படிக்கல்லை வைத்து, கேல் பொத்தானை அழுத்தி அளவை நேர் செய்தேன். அதே கொலுசு 42.16. பத்துத் தடவை எடுத்து எடுத்து வைத்தேன், பத்துத் தடவையும் 42.16. மறுநாள் வியாபாரியின் தராசிலும் அதே எடை. வீட்டுக்காரர் அன்றைக்கு எனக்காக இரண்டு தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தராசு வீட்டுச் சோதனைக்கு மட்டும். வியாபாரத்தில் எடை போடுகிற தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கும். அதை நாமே திறக்கக் கூடாது. உரிமம் உள்ளவரிடம் கொடுத்துச் சரி செய்து மறுபடி முத்திரை வாங்க வேண்டும்.

தராசுக்குப் பிறகு கை நிற்கவில்லை. செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் போனபோது திறந்து பார்த்தேன். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற ஒரு கெப்பாசிட்டரின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பூரி மாதிரி உப்பியிருந்தது. அதன் மேல் 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் என்று அளவு போட்டிருந்தது. அதே மைக்ரோ ஃபாரடில், 25 வோல்ட், 105 டிகிரி என்று போட்டதாக வாங்கிப் போட்டேன். சில ரூபாய்தான். 85 டிகிரி போட்டதும் கிடைக்கும், வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காய்வதால்தான் இந்தக் கெப்பாசிட்டர்கள் போகின்றன. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. சித்திரை மாதம் சேலத்தில் அட்டைக் கூரைக்குக் கீழே டிவிக்குப் பின்னால் அடாப்டரைச் செருகி வைத்தால் அது என்ன செய்யும், பாவம். இப்போது அடாப்டரை வெளியே காற்றுப் படும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். பக்கவாட்டில் கோடு போட்ட கால்தான் மைனஸ், மாற்றி வைத்தால் வெடிக்கும்.

அடாப்டர், எல்இடி பல்புக்குள் கரண்டை மாற்றித் தருகிற டிரைவர் போர்டு, இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய உடனே தொடக் கூடாது. 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும், பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். நான் ஒரு பழைய குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் போட்டு, அதன் முனைகளைக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுகிறேன். அப்புறம் மீட்டரில் பார்க்கிறேன். அதன் பிறகுதான் கை.

எல்இடி பல்பில்தான் இந்த அயர்ன் என்னைக் கைவிட்டது. பல்பின் மூடியைத் திறந்தால் வெள்ளைத் தட்டில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளியின் நடுவில் கறுப்புப் பொட்டு இருந்தால் அதுதான் போனது. சீரியல் செட் மாதிரி ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். போனதை எடுத்துவிட்டு வேறு போடலாம் என்று முனையை வைத்தால் ஈயம் இளகவே இல்லை. தட்டு அலுமினியம், வைக்கிற சூட்டையெல்லாம் அது பரப்பிவிடுகிறது. 25 வாட்டுக்கு அது முடியாத வேலை. தேய்ப்புப் பெட்டியைத் தலைகீழாக அசையாமல் நிறுத்தி, அதன் மேல் தட்டை வைத்து அடியிலிருந்தே சூடேற்றினால் முடிகிறது. பல்பு ரிப்பேருக்காக மட்டும் வாங்குகிறவர்கள் 60 வாட் பாருங்கள். ஆனால் 60 வாட்டைச் சின்ன போர்டில் வைத்தால் செம்புக் கோடு உரிந்து வந்துவிடும்.

ரிமோட், டார்ச் லைட், பிள்ளைகளின் ஹெட்போன் ஒயர் எல்லாம் செய்தேன், அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏற்காட்டுக் கதைக்கு வருகிறேன். என் அக்காவை நாகலூர் பக்கம் கொடுத்திருக்கிறது. மாமாவின் ரேடியோ பேசவில்லை என்று சொன்னாள். அயர்னையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். 1500 மீட்டர் உயரம், ஐப்பசி மாதம், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. ரேடியோவைத் திறந்தால் பேட்டரி போடும் இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்பிரிங்கிலிருந்து வருகிற ஒயர் களிம்பில் அரித்து அறுந்திருந்தது. கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்க்கக் கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் துடைத்தேன். களிம்பின் மேல் ஈயம் பற்றவே பற்றாது. ஸ்பிரிங்கின் அந்த ஒரு இடத்தை மட்டும் உப்புத்தாளால் உலோகம் தெரியும் வரை தேய்த்தேன்.

அப்புறம் அயர்னைப் போட்டால், பத்து நிமிஷம் ஆகியும் ஈயம் பிசின் மாதிரி இழுக்கிறது, ஓடவில்லை. அயர்ன் போய்விட்டது என்றே நினைத்தேன். மீட்டரை பிளக்கில் வைத்துப் பார்த்தால் 170 வோல்ட். மாலை ஆறரை மணி, எல்லா வீட்டிலும் விளக்கும் ஹீட்டரும் எரிகிற நேரம். வோல்டேஜ் பாதிக்கும் மேலே இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் வாட் வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். 170-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் போட்டால் 0.55 கூட வராது. 25 வாட் 14 வாட்டுக்கும் கீழே போய்விடுகிறது. சூட்டைக் கூட்ட வழி இல்லாத அயர்னில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

"விடு கண்ணு, காலையில பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தேன், 228 வோல்ட். இரண்டு விநாடியில் ஈயம் தண்ணீராக ஓடியது. மாமா காபி டம்ளரோடு வந்து நிற்கும்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, ஸ்டேஷனை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்கு அது அவருடைய அப்பா வாங்கியது.

எங்களைப் போல வெள்ளி வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த அயர்னைப் பட்டறை மேஜைக்குக் கொண்டுவராதீர்கள். வெள்ளியில் ஒரு பொட்டு ஈயம் ஒட்டியிருந்து அதன் மேல் ஊதுகுழல் தீ பட்டால், ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும். ராவிய தூளில் கலந்துவிட்டால் அதை உருக்கி எடுக்கும்போது மொத்த வெள்ளியும் நொறுங்கும். என்னுடையது பின்கட்டில், தனி மேஜையில், தனித் துடைப்பத்தோடு இருக்கிறது. ஈயம் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கம்பியின் நடுவில் இருக்கும் பைன் மரப் பிசின்தான் புகையாக வருகிறது. அதுவும் நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பை ரிப்பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவுக்கு நிற்கும், ஆளைக் கொன்றுவிடும். பழைய குண்டு டிவியும் அப்படித்தான். உப்பிய போன் பேட்டரிக்குப் பக்கத்தில் இந்த அயர்னைக் கொண்டுபோகவே கூடாது. அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

340 ரூபாய்க்கு இது எனக்கு நல்ல சாமான். த்ரீ பின், பிட் தனியாகக் கிடைக்க வேண்டும், வாங்கும்போதே ஒரு பிட் கூட வாங்க வேண்டும். இந்த மூன்றையும் பார்த்து எந்தக் கம்பெனி அயர்னையும் எடுக்கலாம். ஒயர் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் நன்றாக இருக்கும். செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அதைச் செய்துகொடுங்கள்.

அக்கா தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். மலையில் வோல்டேஜ் இறங்குவதால் அவளுக்கு 35 வாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், கூடவே ஒரு ஸ்டாண்ட், ஐம்பது கிராம் ஈயக் கம்பி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது கொடுக்க வேண்டும்.